சுரங்கம் தோண்டிய மலையில் நடக்க மட்டும் ஏன் அனுமதிச் சீட்டு?

மழை பிடித்துவிட்டால் பெங்களூரில், கர்நாடக மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள குதுரேமுக் பற்றிப் பேச்சு எழாத வாட்ஸ்அப் குழு இல்லை. வெள்ளி இரவு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, சனிக்கிழமை சிகரம் ஏறி, ஞாயிறு வீடு வந்து சேரலாம். அப்படி வாகாக அமைந்த மலைதான் இப்போது குழப்பத்தைக் கிளப்புகிறது. 2024 ஜூன் கடைசியிலிருந்து ஒரு நாளைக்கு 300 பேருக்குத்தான் அனுமதி. இணையத்தில் முன்பதிவு செய்யாதவர் அடிவாரத்திலேயே நிற்க வேண்டியதுதான். கோடையில் பாதையையே மூடிவிடுகிறார்கள்.

இதற்கு எழும் எதிர்க்கேள்வி நியாயமானது. கால் நூற்றாண்டு வெடிவைத்து இரும்பு எடுத்த மலை இது. அன்று தூங்கிய சட்டம், ஒருவர் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கும்போது மட்டும் விழித்துக்கொள்கிறதா? இல்லை. சட்டம் சுரங்கத்தையும் மூட வைத்தது, இன்று சீட்டும் கேட்கிறது. இரண்டிலும் வழக்கு மண்ணைப் பற்றியதுதான்.

பெயர் ஒன்று, இடம் மூன்று

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

1. குதுரேமுக் சிகரம். கன்னடத்தில் 'குதுரே' என்றால் குதிரை. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மலைமுகடு குதிரை முகம்போல் தெரிவதால் வந்த பெயர். உயரம் சுமார் 1890 மீட்டர். கர்நாடகத்தின் மிக உயர்ந்த முள்ளய்யனகிரிக்கு (சுமார் 1930 மீட்டர்) சற்றுக் கீழே, நம் தொட்டபெட்டாவுக்கு (2637 மீட்டர்) வெகு கீழே.

2. குதுரேமுக் டவுன்ஷிப். சுரங்க நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய ஊர். ஃபோன் மேப்பில் 'குதுரேமுக்' என்று மட்டும் தட்டினால் பல சமயம் இங்கேதான் கொண்டுவிடும். மலையேற்றம் தொடங்குவது இங்கிருந்து அல்ல. கலசா சாலையில் சம்சேயை ஒட்டிப் பிரிந்து உள்ளே போகும் முள்ளோடி என்ற சிற்றூரிலிருந்து.

3. குதுரேமுக் தேசியப் பூங்கா. சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு. சிகரம் அதில் ஒரு புள்ளி. குரிஞ்சால், கங்கடிகல் போன்ற வேறு சிகரங்களும் இதே பூங்காவில் இருக்கின்றன. ஒன்றுக்கு எடுத்த சீட்டு மற்றொன்றுக்குச் செல்லாது.

மூன்று வகைக் காடு, மூன்று வகை விதி

எல்லாக் காடும் நமக்குக் 'ஃபாரஸ்ட்'தான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1. ரிசர்வ் காடு: மாநில வனச் சட்டத்தின் கீழ் வருவது, கர்நாடகத்தில் அது 1963ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தையும் மரத்தையும் காப்பது முதல் நோக்கம்.

2. வனவிலங்குச் சரணாலயம்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. உள்ளே வசிப்பவர்களின் சில உரிமைகள் தொடர இடமுண்டு. குமார பர்வதம் இருக்கும் புஷ்பகிரி இந்த வகை.

3. தேசியப் பூங்கா: அதே 1972 சட்டத்தின் 35ஆம் பிரிவு. மூன்றில் இதுதான் கறாரானது. உள்ளே கால்நடை மேய்ப்பதற்குக்கூட இடமில்லை.

குதுரேமுக்கைத் தேசியப் பூங்காவாக்கும் முதல் அறிவிக்கை 1987இல் வந்தது. இறுதி அறிவிக்கை 2001இல்தான் வெளியானது. இடைப்பட்ட 14 ஆண்டு இழுபறிக்குப் பெரிய காரணம் உள்ளே ஓடிக்கொண்டிருந்த சுரங்கம்.

சீட்டின் வேர் அதே சட்டத்தின் 27, 28ஆம் பிரிவுகளில் இருக்கிறது. சரணாலயத்துக்காக எழுதப்பட்ட இவை 35ஆம் பிரிவின் வழியாகத் தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். பணியில் உள்ள அரசு ஊழியர், உள்ளே குடியிருக்க அனுமதி பெற்றவர், அங்கே நிலம் வைத்திருப்பவர், பொதுச்சாலையில் கடந்து போகிறவர் போன்ற சிலரைத் தவிர வேறு யாரும் அனுமதியின்றி நுழையக் கூடாது என்கிறது 27. எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று பட்டியலிடுகிறது 28: வனவிலங்கு ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே வசிப்பவர்களோடு சட்டப்படியான அலுவல். மலையேற்றம் இதில் 'சுற்றுலா' என்ற ஒரு சொல்லுக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறது. நுழையக் கூடாது என்பதுதான் இங்கே விதி. சீட்டு அதற்குக் கிடைக்கும் விலக்கு. எண்ணிக்கை வைக்க வனத்துறைக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அப்படியானால் சுரங்கம் எப்படி நடந்தது?

சுரங்கம் பூங்காவுக்கு மூத்தது. குத்தகை 1969 ஜூலையில் 30 ஆண்டுக்கு வழங்கப்பட்டது. பரப்பு 4600 ஹெக்டேருக்குச் சற்று மேல். பொதுத்துறை நிறுவனமான குதுரேமுக் இரும்புத்தாது நிறுவனம் 1976இல் தொடங்கப்பட்டது. பணம் போட்டதும் தாதுவை வாங்கிக்கொள்ளவிருந்ததும் ஈரான். 1979இல் அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் அந்தக் கணக்கு தலைகீழானது. ஆனாலும் சுரங்கம் நிற்கவில்லை.

இங்கே கிடைத்தது தரம் குறைந்த மேக்னடைட் தாது. பாறையை அரைத்துப் பொடியாக்கி, இரும்புப் பகுதியைப் பிரித்து, தண்ணீரில் குழைத்து, 67 கிலோமீட்டர் குழாய் வழியாக மங்களூர் பணம்பூருக்கு அனுப்பினார்கள். மிஞ்சிய சக்கை, லக்யா என்ற ஓடையின் குறுக்கே சுமார் 100 மீட்டர் உயரத்துக்குக் கட்டிய அணைக்குப் பின்னால் தேங்கியது. டவுன்ஷிப் பக்கம் போனால் அந்த அணையை இன்றும் பார்க்கலாம்.

குத்தகை 1999இல் முடிந்தது. அதன்பின் தற்காலிக அனுமதிகளில் வண்டி ஓடியது. சுரங்கத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கின் கிளையாக விசாரிக்கப்பட்டது. (அந்தத் தாய் வழக்கு 1995இல் நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளுக்காகத் தொடுக்கப்பட்டது, நாட்டின் பாதி வன வழக்குகள் அதன் மடியில்தான் வளர்ந்தன.) 2002 அக்டோபர் 30ஆம் தேதி தீர்ப்பு வந்தது: 2005 முடிவோடு சுரங்கத்தை மூட வேண்டும். அப்படியே மூடப்பட்டது.

வழக்கில் சூழலியலாளர்கள் அழுத்திச் சொன்னது வண்டலைப் பற்றி. திறந்து கிடந்த சுரங்க மண், மழையில் கரைந்து பத்ரா ஆற்றில் இறங்கியது. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றுக்கும் பிறப்பிடமாகச் சொல்லப்படும் கங்காமூலா இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. துங்காவும் பத்ராவும் கூடலியில் சேர்ந்து துங்கபத்ராவாகிக் கிருஷ்ணாவில் கலந்து கிழக்கே போகின்றன. நேத்ராவதி மங்களூரில் மேற்குக் கடலைத் தொடுகிறது. இங்கே கரையும் மண் இரண்டு கடலுக்கும் வழி தெரிந்த மண்.

காலடி என்ன செய்துவிடும்?

சுரங்கத்தையும் காலடியையும் ஒரே தட்டில் வைப்பது அபத்தம் என்று தோன்றலாம். அளவில் அபத்தம்தான். ஆனால் மண் அரிக்கப்படும் விதம் இரண்டிலும் ஒன்றே.

நீலகிரியைப் போலவே இங்கும் காடு இரண்டு அடுக்கு. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை. ஆங்கிலத் தாவரவியல் நூல்கள் 'ஷோலா' என்று எழுதுவது நம் 'சோலை'யைத்தான். மடிப்பில் மண் ஆழம், ஈரம் நிற்கும், காற்று குறைவு; அதனால் மரம். முகட்டில் பாறைமேல் போர்த்திய மெல்லிய மண், ஓயாத காற்று, அதனால் புல். புல்லின் வேர்ப்பின்னல்தான் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. (புல்வெளியைப் பார்த்ததும் வரையாட்டைத் தேட வேண்டாம். அது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டுமே உண்டு. இங்கே பார்க்க வாய்ப்புள்ளவை காட்டுமாடும் கடமானும். சோலைமந்தி கீழே அடர்காட்டில்.)

இங்கே பெய்யும் மழை ஆண்டுக்குச் சுமார் 7000 மில்லிமீட்டர். பெங்களூரில் பெய்வது 1000க்குள். 7000 மி.மீ. என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 7000 லிட்டர். அபார்ட்மெண்ட் வாசலில் நிற்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பாதிக்கு மேல், ஒரு சதுர மீட்டர் மண்ணில், அதுவும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள்.

இந்த மண்ணில் நடக்கும்போது வரிசையாக இவை நடக்கின்றன:

1. முதலில் புல் மடிகிறது. நாலு நாள் விட்டால் எழுந்துவிடும். விடாமல் மிதித்தால் வேர் சாகும்.

2. வேர் போன மண் இறுகுகிறது. இறுகிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது, மேலேயே ஓடும்.

3. பாதை சரிவின் போக்கிலேயே நேராக இறங்குகிறது என்றால் அதுவே வாய்க்கால் ஆகிறது. சரிவைக் குறுக்கே வெட்டிப் போகும் பாதையில் தண்ணீர் பக்கவாட்டில் வடிந்துவிடும். நேர்ப்பாதையில் வடிய வழியில்லை. குறுக்குவழி என்று வளைவுகளை வெட்டி இறங்குகிறவர்கள் தெரியாமல் புதிய வாய்க்கால் வெட்டுகிறார்கள்.

4. வாய்க்காலில் சேறு. ஷூ நனையக் கூடாது என்று அடுத்தவர் ஓரத்துப் புல்லில் கால் வைக்கிறார். மறுநாள் அந்த ஓரம் சேறு. அதற்கடுத்தவர் இன்னும் ஓர் அடி தள்ளி நடக்கிறார். ஒற்றையடிப் பாதை நாலு தடங்களாகப் பிரிவது இப்படித்தான். முகட்டுப் புல்வெளியில் நின்று கீழே பார்த்தால், பச்சையில் பின்னிய செந்நிறச் சடைபோல் தெரியும்.

ஒரு கணக்கு. 10 கிலோமீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாதை ஒரு ஹெக்டேர். அதில் சராசரியாகப் பத்து சென்டிமீட்டர் மண் போனால் 1000 கன மீட்டர். கட்டட வேலைக் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) சுமார் 350 யூனிட்; மூன்று யூனிட் டிப்பரில் அள்ளினால் 117 லோடு. பாதை மூன்று மீட்டராக அகன்றால் மூன்று மடங்கு. 4600 ஹெக்டேர் குத்தகைக்கு முன்னால் இது தூசு என்பது உண்மை. ஆனால் தூசும் அதே பத்ராவுக்குத்தான் போகிறது.

300 என்ற எண்ணைப் பற்றி

2024 ஜனவரி கடைசியில், குடியரசு தின விடுமுறையில் குமார பர்வதத்தில் எறும்புச் சாரிபோல் மக்கள் நின்ற படங்கள் பரவின. அதையடுத்து முன்பதிவு வசதி இல்லாத மலையேற்றப் பாதைகளை நிறுத்திவைப்பதாக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே அறிவித்தார். குதுரேமுக், நேத்ராவதி சிகரங்களுக்கு நாளொன்றுக்கு 300 என்ற வரம்பு ஜூனில் வந்தது. பின்னர் மாநிலத்தின் மற்றப் பாதைகளுக்கும் 'அரண்ய விஹாரா' என்ற முன்பதிவு இணையதளம் வந்தது.

கூட்டத்துக்கு இந்த வரம்பு நல்ல மருந்து. ஓடைத் தாண்டலில் வரிசை நிற்பதும், இருட்டுவதற்குள் எல்லோரையும் கீழே இறக்க முடியாமல் திணறுவதும் குறையும். மண்ணுக்கு அது அரை மருந்துதான். மலைப்பாதைகளை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது இது: சேதத்தின் பெரும்பங்கை முதல் சில காலடிகளே செய்துவிடுகின்றன, தடம் விழுந்தபின் அதே தடத்தில் போகும் கூடுதல் கால்கள் செய்வது குறைவு. ஒரே தடத்தில் போகும் 300 பேரைவிட, புல்லில் சிதறி நடக்கும் 50 பேர் அதிகம் கெடுப்பார்கள். தவிர, காய்ந்த டிசம்பர் செவ்வாய்க்கிழமைக்கும் கொட்டும் ஜூலை சனிக்கிழமைக்கும் ஒரே 300 என்பது மண்ணைக் கேட்டு வைத்த எண்ணாகத் தெரியவில்லை; மேசையில் உட்கார்ந்து வைத்த எண்ணாகத் தெரிகிறது. பருவத்துக்கு ஏற்ப வரம்பை மாற்றி, சேற்றுப் பகுதிகளில் கல் பாவி, பக்கவாட்டு வடிகால் வெட்டினால்தான் மீதி அரை மருந்து.

கோடையில் ஏன் மூடுகிறார்கள்?

தீ. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க ஒரு சொல் போதும்: குரங்கணி. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்தில் புற்சரிவில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் அந்த ஆண்டிலேயே வந்தன.

மழையில் இடுப்பளவு வளரும் புல், பிப்ரவரிக்குள் காய்ந்து சருகாகிவிடும். சரிவில் தீயின் சுவாலை மேலே சாய்வதால், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டே போகும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது காட்டுத்தீ அணைப்பவர்களிடம் புழங்கும் கணக்கு. மனிதனோ சரிவு கூடக் கூட மெதுவாவான். அதனால்தான் தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுவது மிகப் பெரிய தவறு; பக்கவாட்டில் விலகி, பாறைத் தளத்தையோ ஏற்கெனவே எரிந்த கருநிலத்தையோ அடைய வேண்டும். கோடை மூடல் தேதி ஆண்டுதோறும் வறட்சியைப் பொறுத்து மாறும். பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை மிஞ்சும் நாட்களிலும் திடீரென மூடுவதுண்டு.

பெங்களூரிலிருந்து போகிறவர்களுக்கு

1. சீட்டு முதலில், பஸ் டிக்கெட் பிறகு. சனி, ஞாயிறு இடங்கள்தான் முதலில் தீரும்; வாரநாளில் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் பாதையும் காலியாக இருக்கும். பதிவில் கொடுத்த பெயரும் கையிலுள்ள அடையாள அட்டையும் ஒத்துப்போக வேண்டும். ஏற்பாட்டாளர்கள் வழியே போனால், 'பெர்மிட் உண்டு' என்ற வாய்வார்த்தையோடு விடாமல், உங்கள் பெயரும் சிகரத்தின் பெயரும் உள்ள சீட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2. மெஜஸ்டிக்கிலிருந்து கலசாவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல், இரவு பஸ். ஹொரநாடு அன்னபூர்ணேஸ்வரி கோவிலுக்குப் போகும் பஸ்ஸும் கலசா வழிதான். அங்கிருந்து சம்சே பக்கம் வந்து, முள்ளோடிக்கு ஜீப். கடைசி ஆறேழு கிலோமீட்டர் கல்லும் குழியும். சொந்தக் காரின் அடிப்பாகத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

3. போக சுமார் 10, வர 10 கிலோமீட்டர். ஏற நாலரை மணி, இறங்க மூன்றரை முதல் நாலு மணி. காலை 7 மணிக்குக் கிளம்பினால் மாலை நாலு மணிக்குத் திரும்பலாம். ஒன்பதரைக்குக் கிளம்பினால் இறங்கும்போது இருட்டும், மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். சிகரத்தில் கூடாரம் போட்டுத் தங்க அனுமதி கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மழை உறை, டார்ச். ஃபோன் சிக்னலை நம்ப வேண்டாம்.

4. அட்டை. கர்நாடக மலைநாட்டில் 'இம்பளா' என்பார்கள். கடித்தால் பிய்த்து இழுக்கக் கூடாது. அதன் ஒடுங்கிய முனைதான் வாய், அங்கே நகத்தைத் தோலோடு சேர்த்து வழித்தால் விட்டுவிடும். உப்பைப் போட்டால் அது வயிற்றில் இருப்பதைக் கக்கும், காயத்துக்கு நல்லதல்ல. ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அட்டை செலுத்துவதால் சிறிது நேரம் ஒழுகும். விஷமில்லை, அழுத்திப் பிடித்தால் போதும்.

5. முழங்கால். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வாங்கும். ஈரச் செம்மண்ணில் குதிகாலை ஊன்றி நீட்டி வைக்கும் அடிதான் வழுக்கும். சின்ன அடியாக, பாதம் முழுதும் பதிய, முழங்காலை லேசாக மடக்கி இறங்க வேண்டும். அடிப்பாகம் தேய்ந்த ஓட்ட ஷூ இங்கே உதவாது.

6. ஓடை. பாதையில் பல ஓடைகளைத் தாண்ட வேண்டும். கன்னடத்தில் 'ஹள்ளா', கொங்கு நாட்டில் ஓடையைப் 'பள்ளம்' என்கிறோமே, அதே சொல்தான், கன்னடத்தில் ப ஹ ஆகிவிட்டது. காலையில் கணுக்கால் நனைத்த ஹள்ளா, மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் தொடையளவு வரும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் இறங்கவே கூடாது. இறங்கலாம் என்று வழிகாட்டி சொன்னால், பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு, நீரோட்டத்தை எதிர்நோக்கி, தடியூன்றிப் பக்கவாட்டில் நகர வேண்டும். இந்த ஓடைகளின் நீர்ப்பிடிப்பு சிறியது: ஏறுவதும் சீக்கிரம், மழை விட்டால் வடிவதும் சீக்கிரம். பெரும்பாலும் காத்திருப்பதுதான் சரியான வழி. அந்தக் காத்திருப்புக்கு இடம் விட்டு, ஜீப்காரரிடம் நாலு மணிக்குப் பதிலாக ஐந்தரைக்கு வரச் சொல்லி வையுங்கள்.